விரத நேரத்தை நீட்டும் முன் மாத்திரையைப் பாருங்கள்

வாசகர் கேள்வி

வணக்கம் டாக்டர். எனக்கு 52 வயது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். ஆள் கிடைக்காத நாட்களில் நானே கொழுந்து பறிக்கப் போகிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், நான்கு ஆண்டுகளாக ரத்த அழுத்தம். சர்க்கரைக்கு ஒரே மாத்திரைதான், காலை ஏழு மணிக்கு ஒன்று, இரவு ஒன்று. பெயருக்குப் பின்னால் 2 என்று போட்டிருக்கும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொள்கிறேன். அழுத்தத்துக்குத் தனியாக ஒரு மாத்திரை.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை மகள் சொல்லித் தை மாதம் 16 மணி நேர விரதம் தொடங்கினேன். பகல் 12 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் மட்டும் சாப்பாடு. காலையில் சர்க்கரை போடாத பிளெயின் டீ. நான்கே மாதத்தில் 74 கிலோவிலிருந்து 67-க்கு வந்தேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.9-லிருந்து 7.2 ஆனது. அதன் பிறகு இரண்டரை மாதமாக எடை அசையவில்லை. இரவு படுக்கும்போது 130 இருக்கும் சர்க்கரை, ஒன்றும் சாப்பிடாமலே விடியற்காலையில் 150, 160 காட்டுகிறது. அது ஏன்? விரதத்தை 20 மணி நேரமாக்கினால் எடை மறுபடி இறங்கும், சர்க்கரையே போய்விடும் என்கிறாள் தங்கை மகள். செய்யலாமா?

சில நாட்களில் பதினொரு மணிவாக்கில் தோட்டத்தில் கை நடுங்கிக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ஒரு மிட்டாயோ வர்க்கியோ வாயில் போட்டால் சரியாகிவிடும். விரதம் கெட்டுவிட்டதே என்றுதான் வருத்தம். இரவில் சில சமயம் உடம்பெல்லாம் வியர்க்கிறது. மாதவிடாய் நின்ற வயது என்பதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஐப்பசியில் கந்த சஷ்டி விரதம் ஆறு நாளும் இருக்க ஆசை. அதற்கும் வழி சொல்லுங்கள்.

– கோத்தகிரி அருகிலிருந்து ஒரு வாசகி

மருத்துவர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

எடையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் கை நடுக்கத்தைப் பற்றி முதலில் பேச வேண்டியிருக்கிறது. என்னைக் கவலைப்படுத்துவது அதுதான். நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளுக்கான விடையும் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரே மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள், அல்லது மருந்துக் கடையில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அநேகமாக அங்கே இரண்டு மருந்துகளின் பெயர் இருக்கும். ஒன்று மெட்பார்மின், மற்றொன்று கிளிமிபிரைடு. நம் ஊரில் அதிகம் விற்கும் கூட்டு மாத்திரைகளில் பெயருக்குப் பின்னால் வரும் 1, 2 என்ற எண் பெரும்பாலும் கிளிமிபிரைடின் மில்லிகிராம் அளவைக் குறிப்பது. அப்படியானால் காலையில் 2, இரவில் 2 என்று நாளுக்கு 4 மில்லிகிராம் கிளிமிபிரைடு உங்கள் உடலுக்குள் போகிறது.

மெட்பார்மினால் பயமில்லை. அது கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவதைக் குறைக்கும். தனியாக எடுத்துக்கொண்டால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது மிக அரிது. கிளிமிபிரைடு வேறு வகை. அது கணையத்தை நேரடியாகத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் செயல்படும் மருந்து அல்ல அது. விழுங்கிய இரண்டு, மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் வேலை செய்யும். அதனால்தான் அதைக் காலை உணவோடு சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். நீங்கள் ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பிளெயின் டீயைக் குடித்துவிட்டுச் சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்கிறீர்கள். உள்ளே இன்சுலின் ஊறிக்கொண்டே இருக்கிறது, தசைகளும் சர்க்கரையை எரிக்கின்றன, வெளியிலிருந்து வரவு எதுவும் இல்லை. பதினொரு மணிக்குக் கை நடுங்காமல் என்ன செய்யும்?

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போவதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். 54-க்குக் கீழே போனால் நிலைமை கடுமை. பேச்சு குழறும், புத்தி தடுமாறும், சிலர் மயங்கி விழுவார்கள், வலிப்பும் வரலாம். சமதளத்தில் விழுவதே ஆபத்து. நம் தோட்டச் சரிவுகளில், கவாத்து வெட்டிய கூரான கிளைகளுக்கு நடுவே, காட்டுமாடு எந்தப் பாத்தியிலிருந்து எழுந்து வரும் என்று தெரியாத இடத்தில், ஒருவர் கண் இருண்டு உட்காருவதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

இரவு வியர்வையையும் மாதவிடாயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அந்த வயதில் உடல் குப்பென்று சூடாகி வியர்ப்பது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோத்தகிரிக் குளிரில் போர்வைக்குள் வியர்த்து எழுகிற ஒருவர் இரவில் கிளிமிபிரைடும் எடுக்கிறார் என்றால், தூக்கத்தில் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கெட்ட கனவு, காலையில் தலைவலி, எழுந்ததும் அசதி ஆகியவை சேர்ந்து வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அடுத்த முறை வியர்த்து விழிப்பு வந்தால் அப்போதே மீட்டரில் பாருங்கள். வியர்க்காவிட்டாலும் இரண்டு இரவுகள் விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாளையிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். விரதத்தை நிறுத்துங்கள். காலை மாத்திரையைச் சாப்பாட்டோடு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை எகிறும். ஆனால் விரதத்தை நிறுத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கே போகலாம். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமும் இதைச் சொல்லுங்கள். வீட்டிலேயே சர்க்கரையும் அழுத்தமும் பார்த்துக் குறித்துக்கொடுப்பார்கள். அந்தக் குறிப்பு மருத்துவருக்கு உதவும்.

நடுக்கம் மறுபடி வந்தால் வர்க்கியைத் தேடாதீர்கள். அதில் மைதாவோடு கொழுப்பும் நிறைய இருக்கிறது. கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை ரத்தத்தில் ஏறத் தாமதமாகும். கடலை மிட்டாய்க்கும் சாக்லேட்டுக்கும் அதே குறை உண்டு. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூளையோ சாதாரணச் சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். ஏறக்குறைய 15 கிராம். பதினைந்து நிமிடம் கழித்துச் சர்க்கரையைப் பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. தாண்டிய பிறகு ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தில் குளுக்கோஸைக் கட்டி மேல்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உடன் பறிக்கும் பெண்களில் ஒருவருக்காவது அது எங்கே இருக்கிறது, எதற்கு என்று தெரிந்திருக்கட்டும். நீங்கள் மயங்கிக் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

விரதம் கெட்டுவிட்டதே என்ற வருத்தத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், சகோதரி. உயிரைக் காத்துக்கொள்ளச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

இனி எடைக்கு வருவோம். முதலில், நீங்கள் சாதித்ததை நீங்களே சரியாகப் பார்க்கவில்லை. 74-லிருந்து 67 என்பது உடல் எடையில் ஒன்பது சதவீதத்துக்கும் மேல். 2023-இல் அமெரிக்காவின் சிகாகோவில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 75 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. அதில் ஒரு குழுவினர் உங்களைப் போலவே பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டார்கள். ஆறு மாத முடிவில் அவர்களுடைய எடை குறைந்தது சராசரியாக 3.6 சதவீதம். நீங்கள் நான்கு மாதத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குறைத்திருக்கிறீர்கள். மூன்று மாதச் சராசரி 8.9-இல் இருந்தபோது உங்கள் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக 209 ஓடிக்கொண்டிருந்தது. 7.2 என்றால் 160. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் பாத நரம்புக்கும் இந்த இறக்கத்தின் அருமை தெரியும்.

அப்புறம் ஏன் நின்றது? முதல் சில வாரங்களில் இறங்கிய எடையில் ஒரு பகுதி கொழுப்பே அல்ல. கல்லீரலும் தசையும் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாடு குறைந்தவுடன் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் போகும். எடைக் கருவி மளமளவென்று இறங்கும். அந்த வேகம் எவருக்கும் நீடித்ததில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் உரிய இன்னொரு காரணம் உண்டு. இதைப் பலரும் சொல்வதில்லை. ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டும்போது சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த முடியாமல் சிறுநீரில் விட்டுவிடும். தை மாதத்தில் உங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகெல்லாம் அப்படிக் கொஞ்சம் போயிருக்கும். நாளுக்கு 25 கிராம் போனது என்று வைத்துக்கொண்டால் 100 கலோரி கணக்கில்லாமல் கழிந்தது. இப்போது சர்க்கரை கட்டுக்குள் வந்ததால் அந்தக் கசிவு நின்றுவிட்டது. சாப்பிடுவது முழுவதும் உடலில் சேர்கிறது. எடை நின்றதில் ஒரு பங்கு உங்கள் சர்க்கரை சீரானதன் விளைவு.

பிறகு உடலின் செலவு. 74 கிலோவைச் சுமந்து தோட்டச் சரிவில் ஏறுவதும் 67 கிலோவைச் சுமந்து ஏறுவதும் ஒன்றல்ல. எடை குறையக் குறைய அதே வேலைக்கு ஆகும் கலோரி குறையும். அதற்கும் மேலே, எடை இறங்கியதைப் பஞ்ச காலம் என்று எடுத்துக்கொள்ளும் உடல் தன் செலவை இன்னும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும். பசியைத் தூண்டும் ஹார்மோன்களைக் கூட்டும், போதும் என்று சொல்லும் ஹார்மோனைக் குறைக்கும். இது மன உறுதிக் குறைவு இல்லை. யாருக்கும் நடப்பது.

இவற்றோடு உங்கள் மாத்திரையையும் சேர்க்க வேண்டும். கிளிமிபிரைடு வகை மருந்துகள் தாமாகவே எடையை இரண்டு கிலோ அளவுக்கு ஏற்றக்கூடியவை. இன்சுலின் கூடுதலாக ஓடும்போது உடல் கொழுப்பை எளிதில் விட்டுக்கொடுக்காது. சர்க்கரை இறங்கும்போது வரும் பசியோ அடக்க முடியாத பசி. பதினொரு மணி மிட்டாயும், பன்னிரண்டு மணிக்குத் தட்டில் விழும் அந்தக் கூடுதல் கரண்டிச் சோறும் எங்கிருந்து வருகின்றன என்று நினைக்கிறீர்கள்? 74 கிலோவும் 8.9-ம் இருந்த உடலுக்கு எழுதிய அளவு அது. இன்றைய உடலுக்கு அதிகம். இதை வைத்துக்கொண்டே விரதத்தை 20 மணி நேரமாக்கினால் எடை இறங்குவது சந்தேகம், நீங்கள் தோட்டத்தில் விழுவது கிட்டத்தட்ட உறுதி. ஆகவே செய்யலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது.

உங்கள் தங்கை மகள் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறாள். எடையை நன்றாகக் குறைத்துச் சர்க்கரை நோயிலிருந்து விடுபட்டவர்கள் இருக்கவே செய்கிறார்கள். பிரிட்டனில் நடந்து 2018-இல் லான்செட் இதழில் அச்சான டைரக்ட் என்ற ஆய்வில், கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். ஆனால் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர்கள் எல்லோரும் நோய் கண்டுபிடிக்கப்பட்டு ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள். உங்களுக்கு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாவது, உணவைக் குறைத்த முதல் நாளே அவர்களுடைய சர்க்கரை மாத்திரைகளையும் அழுத்த மாத்திரைகளையும் மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள். பட்டினி போடும் உடலுக்குப் பழைய அளவு மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பது அந்த ஆய்வின் முதல் நாள் பாடம். செய்தியாக நம்மிடம் வந்து சேரும்போது அந்த வரி விடுபட்டுப் போகிறது.

இதை நம் ஊரில் முறையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரமலான் நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் போய் மாத்திரை அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்கிக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் குன்னூரிலும் கூடலூரிலும் உண்டு. நாளுக்கு ஒரு முறை எடுக்கும் கிளிமிபிரைடை அளவு குறைத்து நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவது அதில் வழக்கம். ஆறரை மாதமாகத் தினமும் விரதம் இருக்கும் உங்களுக்கு அந்த ஒரு ஆலோசனை கிடைக்காமல் போய்விட்டது.

மருத்துவரைப் பார்க்கும்போது விரதம் இருந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கம் வந்த நாள், நேரம், அப்போதைய சர்க்கரை அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கிளிமிபிரைடைக் குறைக்கலாமா, எடுத்துவிடலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். மெட்பார்மினைத் தனி மாத்திரையாக வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் வகையில் ஒன்றைச் சேர்ப்பது ஒரு வழி. அவை எடையை ஏற்றுவதில்லை, தாழ்சர்க்கரையும் மிக அரிது, விலையும் இப்போது குறைந்திருக்கிறது. டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் என்று மற்றொரு வகை உண்டு. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றி எடையையும் இரண்டு மூன்று கிலோ குறைக்கும், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனால் அதைச் சாப்பிட்டுக்கொண்டு நீண்ட விரதம் இருந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோ அமிலநிலை வரக்கூடும். மீட்டரில் சர்க்கரை அவ்வளவு ஏறாமலே வரும் என்பதால் ஏமாந்துவிடுவோம். அந்த மருந்து கிடைத்தால் விரதப் பேச்சே வேண்டாம். வாரம் ஒரு முறை போடும் புதிய ஊசிகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எடையை நன்றாகக் குறைப்பவைதான். உங்கள் நிலையில் முதலில் அங்கே ஓட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அழுத்த மாத்திரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழு கிலோ குறைந்த உடலில் அழுத்தமும் இறங்கியிருக்கும். கண் இருட்டுவதில் அதற்கும் பங்கு இருக்கலாம். உட்கார்ந்தும் எழுந்து நின்றும் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

விடியற்காலைச் சர்க்கரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று மணிக்கு மேல் நம்மை எழுப்பத் தயாராகும் உடல் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவற்றைச் சுரக்கிறது. அவை கல்லீரலிடம் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துவிடச் சொல்கின்றன. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு அதே அளவு இன்சுலினும் சுரந்து சமன் செய்துவிடும். நமக்கு அது நடப்பதில்லை, கல்லீரலும் இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. அதனால் வாய்க்கு ஒன்றும் போகாமலே 130 என்பது 160 ஆகிறது. பட்டினியை நான்கு மணி நேரம் நீட்டினால் கல்லீரல் நிறுத்திவிடாது. பட்டினியில் சர்க்கரை கொடுப்பதே அதன் வேலை. இரவுச் சாப்பாட்டை முன்னால் நகர்த்துவதும், அதில் சோற்றைக் குறைப்பதும், வயிற்றுச் சுற்றளவைக் குறைப்பதும்தான் காலப்போக்கில் இதற்கு மருந்து. மூன்று மணிக்கு எடுத்த அளவு நன்றாக இறங்கியிருந்தால் கதை வேறு. அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மீட்டரைப் பற்றி மலையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான மீட்டர்களும் ஸ்டிரிப்புகளும் 10 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, கோத்தகிரி வீடுகளில் விடியற்காலை அதற்குக் கீழே போகும். மீட்டரைப் போர்வைக்குள் சிறிது நேரம் வைத்துவிட்டு, கையை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். விறைத்த விரலை அழுத்திப் பிழிந்து எடுக்கும் ரத்தம் சரியான அளவு காட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்டிரிப் டப்பாவின் மூடி திறந்து கிடந்தால் ஈரம் ஏறி மொத்தமும் வீணாகும். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையும் எல்லோருக்கும் ஒன்றுபோல் பேசாது. இரும்புச் சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் பாதிப்பு நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது. அந்தப் பாதிப்பு உள்ள இருளர், குறும்பர், பணியர் குடும்பத்தினர் இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. உங்களுக்கு ஹீமோகுளோபினையும், எடை நின்றிருப்பதால் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றி. நேரத்துக்குத் தனி மந்திர சக்தி இருப்பதாக ஆய்வுகள் சொல்லவில்லை. சீனாவின் குவாங்சௌ நகரில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோருக்கும் கலோரியைக் குறைத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை என்று நேரமும் வகுத்தார்கள். எடை இறங்கியதில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. விரதம் உதவியது என்றால், காலைப் பலகாரமும் இரவு நொறுக்குத் தீனியும் நின்றதால் உதவியது.

மருந்தைச் சரிசெய்த பிறகு ஒரு எல்லை வேண்டுமென்றால், இரவு ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடித்து மறுநாள் காலை எட்டு மணிக்குச் சாப்பிடுங்கள். பதின்மூன்று மணி நேர ஓய்வு வயிற்றுக்குக் கிடைக்கும். அதிகம் உழைக்கும் முற்பகலில் வெறும் வயிறாக இருந்துவிட்டு, உட்காரப் போகும் மாலையில் வயிறு நிறையச் சாப்பிடுவது தோட்ட வேலைக்குப் பொருந்தாத முறை.

அந்தக் காலை உணவில் புரதம் இருக்க வேண்டும். இரண்டு வேளை சோறு, சாம்பார், பொரியல், மோர் என்று சாப்பிடும் ஒருவருக்கு நாளுக்கு 35, 40 கிராம் புரதம் கிடைப்பதே பெரிது. உங்களுக்கு 60 கிராமுக்கு மேல் தேவை. குறைந்தால் எடையோடு தசையும் கரையும். தசை கரைந்தால் உடலின் செலவு இன்னும் சுருங்கும், எடை முன்பைவிடப் பிடிவாதமாக நிற்கும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு, சமைக்காத பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்கு இருக்கிறது. காலையில் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டலோ, கூட இரண்டு இட்லி. மதியத் தட்டில் பாதி பீன்ஸ், முட்டைகோஸ், கீரை, கால் பங்கு பருப்போ மீனோ கோழியோ, மீதிக் கால் பங்குதான் சோறு. நம் மலையில் அவரையும் மொச்சையும் பட்டாணியும் கிடைக்கும் அருமை கீழே இருப்பவர்களுக்கு இல்லை. உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், சோற்றுக் கணக்கில் சேருங்கள். ராகிக் களியும் சாமைச் சோறும் நல்லவையே. ஆனால் சிறுதானியம் என்ற பெயரால் இரண்டு பெரிய உருண்டை களி உள்ளே போனால் சர்க்கரை அரிசிச் சோற்றுக்குச் சளைக்காமல் ஏறும்.

பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் குடிக்கும் டீயைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாட்டுச்சர்க்கரையானாலும் வெள்ளைச் சர்க்கரையானாலும் கிராமுக்கு நான்கு கலோரிதான். பன்னிரண்டு மணிக்கு மேல் இரண்டு தேக்கரண்டி போட்டு நான்கு டீ குடித்தால் 40 கிராம், 160 கலோரி. கூடவே வர்க்கி. எட்டு மணி நேரத்துக்குள் எதைச் சாப்பிட்டாலும் பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மூன்று நாள் மட்டும் வாய்க்குள் போவதையெல்லாம் எழுதிப் பாருங்கள்.

கொழுந்து பறிப்பது உழைப்புதான், ஆனால் கால் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் அது போதாது. வாரத்தில் மூன்று நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். இரண்டு தண்ணீர் பாட்டில்களை நிரப்பித் தோளுக்கு மேல் தூக்கி இறக்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை நன்றாக இறங்கும். இருட்டில் கரடி நடமாடும் ஊர் உங்களுடையது, அதனால் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே நாளில், காலையில் மட்டும் பாருங்கள். அதோடு தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு அது 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. எடை அசையாமல் சுற்றளவு குறைந்துகொண்டிருந்தால் கொழுப்பு போகிறது என்று பொருள். இனி ஆறு மாதத்தில் மூன்று நான்கு கிலோ குறைந்தாலே நான் மகிழ்வேன். குறையாமல் இதே 67-இல் நின்று, மூன்று மாதச் சராசரி 7-க்குப் பக்கத்தில் இருந்து, நடுக்கமும் இல்லை என்றால் அதையும் நல்ல நிலை என்றே சொல்வேன். புரதத்தைக் கூட்டும் முன் ரத்தத்தில் கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தில் பாதிப்பு இருந்தால் நான் சொன்ன புரத அளவு உங்களுக்குப் பொருந்தாது; தாழ்சர்க்கரை ஆபத்தும் இன்னும் கூடும்.

கந்த சஷ்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கிளிமிபிரைடு நின்று, ஒரு மாதம் முழுவதும் தாழ்சர்க்கரை வராமல் இருந்தால், ஆறு நாளும் விரதம் இருங்கள். காலையில் பாலும் ஒரு கொய்யாவும் அல்லது சுண்டலும், மதியம் ஒரு வேளை அளவான சாப்பாடு, இரவு பாலும் ஒரு பழமும் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரை எந்த நாளும் நிறுத்தக் கூடாது. அந்த ஆறு நாளும் தோட்டத்துக்குப் போக வேண்டாம், காலை, மதியம், மாலை மீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழே காட்டினால் அந்த நிமிடமே குளுக்கோஸ் குடித்துவிடுங்கள். மருத்துவர் கிளிமிபிரைடைத் தொடர வேண்டும் என்று சொன்னால், இந்த ஆண்டு சூரசம்ஹாரத்தன்று கோயிலுக்குப் போய் வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

– பொது மருத்துவர், குன்னூர்